கேட்டுக்கொண்டே இருந்தவள்

"சோப்பு தேஞ்சு இத்தனூண்டு ஆயிருச்சுன்னா என்ன பண்ணுவ? புதுச் சோப்பு மேல ஒட்டிக்குவியா, தூக்கி எறிஞ்சுருவியா?"

அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். நாங்கள் சந்தித்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கொடைக்கானல் பேருந்து நிலையத்துக்கு எதிரே நின்ற ஒரு ஜீப்பின் பின்பக்கம், இரும்புக் குழாய்களுக்கும் சிமெண்ட் மூட்டைகளுக்கும் நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தோம். நான் என் பெயரைச் சொன்னேன். அவள் தன் பெயரைச் சொன்னாள். அடுத்து எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார் என்று வரும் என நினைத்துப் பதிலோடு காத்திருந்தேன். சோப்பு வந்தது.

"ஒட்டிக்குவேன்," என்றேன்.

"ஒட்டுனா நிக்குமா?"

"ரெண்டையும் நனைச்சு அழுத்தி, ஒரு ராத்திரி தொடாம விட்டா நிக்கும்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஜீப் ஓட்டுபவரிடம் திரும்பி, "பாய், இந்தப் புள்ளய வேலைக்கு வெச்சுக்கலாம்," என்றாள்.

"நீ யாரும்மா வெச்சுக்கிறதுக்கு? ஏற்கெனவே வெச்சுட்டாங்க," என்றார் பாய்.

அன்று மாலை அந்தக் கேள்வியை என் வேலைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். எதையும் வரிசை எண் போட்டு எழுதி, பக்கத்தில் ஒரு சரிக்குறி போட்டால்தான் எனக்கு அது முடிந்ததாகத் தோன்றும். இது சின்ன வயதிலிருந்தே உள்ள பழக்கம். அவள் கேள்விகளுக்குச் சரிக்குறி போட இடமில்லை. எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஒரு வருடத்தில், கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் வந்த அவள் கேள்விகளும் முதல் பக்கத்திலிருந்து பின்னால் போன என் வேலைக் குறிப்புகளும் ஏறக்குறைய நோட்டின் நடுவில் வந்து முட்டிக்கொண்டன.

முருங்கைக்காயை முதலில் சாப்பிடுவாயா, கடைசிக்கு ஒதுக்கி வைப்பாயா. தும்மினால் ஒன்றோடு நிற்குமா. செருப்பில் உனக்கு எந்தக் கால் முதலில் தேயும். பஸ் டிக்கெட்டை இறங்கும்வரை வைத்திருப்பாயா, சுருட்டிக் காதில் விட்டுக் குடைவாயா. யாராவது உன்னைப் போட்டோ எடுத்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வாயா. தூக்கத்தில் போர்வைக்கு வெளியே எது நீட்டிக்கொண்டிருக்கும்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மின்னணுவியல் டிப்ளமோ முடித்து அது என் முதல் வேலை. மலையில் விவசாயிகளின் நிலங்களில் வானிலைக் கம்பங்கள் நடும் ஒரு சிறிய நிறுவனம். கம்பத்தில் ஒரு மழைமானி, காற்றின் வேகத்தை அளக்கும் மூன்று கிண்ணங்கள், ஒரு சூரியத் தகடு, அடியில் பேட்டரி. எல்லா அளவுகளையும் சேர்த்து செல்போன் டவர் வழியாக அனுப்ப ஒரு பெட்டி. அவள் எனக்கு இரண்டு வருடம் முன்னால் வேலைக்குச் சேர்ந்தவள். எனக்கு ஒரு வயதுதான் மூத்தவள். குழி தோண்டுவது, கம்பத்தை மட்டம் பார்த்து நிறுத்துவது, ஒயர் இழுப்பது எல்லாம் நாங்கள் இருவருமே. கனமான வேலைக்கு மட்டும் அந்தந்த ஊரில் ஆள் பிடித்துக்கொள்வோம். பாய் தன் ஜீப்பை எங்களுக்கு மாத வாடகைக்கு ஓட்டினார்.

அவளால் சும்மா இருக்க முடியாது. உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுவாள். எந்த வீட்டுக்குப் போனாலும் உள்ளே போய் உட்காராமல் நிலைப்படியில் சாய்ந்து நிற்பாள். கருப்பு இன்சுலேஷன் டேப் ஒன்று எப்போதும் அவள் விரலில் வளையம்போல மாட்டியிருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே அதைப் பிரித்துப் பிரித்து ஒட்டுவாள். அதன் கிர்ரென்ற சத்தம் எனக்கு எரிச்சலாக இருக்கும். அந்தச் சத்தம் எப்போது வேகமெடுக்கிறது என்று நான் கவனித்திருக்கலாம். காற்றின் வேகத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்யக் கற்றுக்கொண்டவள் நான். இதை விட்டுவிட்டேன்.

மூடுபனியில் ஜீப் ஊர்ந்து போகும்போது அவளுடைய கேள்விகள் அதிகமாகும்.

"பாய், ஜீப்ப நிப்பாட்டிட்டு எறங்கும்போது அதுகிட்ட எதாச்சும் சொல்லுவீங்களா?"

"என்னாத்தச் சொல்றது?"

"சும்மா. போயிட்டு வர்றேன், பத்திரமா இருன்னு."

பாய் வைப்பர் போகிற போக்கைப் பார்த்தபடி ஓட்டினார். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார். "பானெட்ட ஒரு தட்டு தட்டுவேன். வேற ஒண்ணுமில்ல."

"எத்தன தட்டு?"

"ரெண்டு. ஏம்மா, நீ என்ன பரிச்சைப் பேப்பரா திருத்துற?"

அதற்குப் பிறகு அவர் எங்கே ஜீப்பை நிறுத்தினாலும் நாங்கள் இருவரும் இறங்காமல் காத்திருப்போம். அவர் எங்களைப் பார்ப்பார். தட்டாமல் போவார். பத்தடி போய்த் திரும்பி வந்து தட்டுவார்.

அவள் கேள்விகளால் எங்கள் வேலை நடந்தது என்பதும் உண்மை. மன்னவனூருக்கு அப்பால் ஒரு உருளைக்கிழங்கு வயலில் கம்பம் நட அனுமதி கேட்டுப் போயிருந்தோம். வயல்காரருக்கு அறுபது வயது இருக்கும். தலையில் கம்பளித் தொப்பி. "இரும்புக் கம்பி நட்டா இடி எறங்கும்னு சொல்றாக. எனக்கு வேணாம்," என்றார். நான் இடிதாங்கி, எர்த் கம்பி என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"நீங்கள்ளாம் எந்த ஊரு? என்ன ஆளுக?" என்றார்.

"இவ பழனிங்க ஐயா. அடிவாரத்துல கடை வெச்சிருக்காக," என்று என்னைக் காட்டிச் சொன்னவள், ஒரு மூச்சுகூட விடாமல், "ஐயா, அந்தா மேயுற ஆட்டுக்கெல்லாம் பேரு வெச்சிருக்கீங்களா, இல்ல பொதுவா ஒரு சத்தம் குடுப்பீங்களா?" என்று கேட்டாள்.

"பேரு இல்லாமயா? அது கோவக்காரி. அந்தா பாறை மேல நிக்கிறது கலெக்டரு. எறங்கி வரச் சொன்னா வராது." அவர் பக்கத்தில் நின்ற ஒரு பெரிய ஆட்டைக் காதோடு பிடித்து நிறுத்தினார். "இவளுக்கு எம் மாமியா பேரு. வீட்டுல சொல்லிப்புடாதீக."

"மாமியா பேரச் சொல்லி வையவா?"

"அதுக்குத்தேன வெச்சது."

கால் மணி நேரம் கழித்து, வயலின் மேட்டுப் பக்கம் கையைக் காட்டினார். "அங்கன நட்டுக்கோங்க. இடி விழுந்தா எம் மாமியா மேல விழட்டும்."

அன்று நான் நோட்டில், அனுமதி பெறும் முறை என்று தலைப்பிட்டு எழுதினேன். ஒன்று, குடிக்கத் தண்ணீர் கேட்க வேண்டும். இரண்டு, ஆடு மாடு பற்றிக் கேட்க வேண்டும். மூன்று, அவரே தன்னைப் பற்றிப் பேசும்வரை பொறுத்திருக்க வேண்டும். அவள் எட்டிப் படித்துவிட்டுச் சிரித்தாள். "நாலாவது எழுது. அவுக அடுத்த கேள்வி கேக்குறதுக்குள்ள நாம கேட்ரணும்."

எழுதிக்கொண்டேன். ஏன் என்று நான் கேட்கவில்லை. எந்த ஊர் என்ற கேள்வி எனக்கு எப்போதும் நல்லபடியாகவே முடிந்திருக்கிறது. பழனி என்று சொன்னால் அட முருகன் ஊரா என்பார்கள். அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை என்றால், எந்தக் கடை, படிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பார்கள். அடுத்து காபி வரும். அந்தக் கேள்வியிலிருந்து ஒருவர் ஓட வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அவள் பதில்களில் இருந்த முரண் மட்டும் கண்ணில் பட்டது. ஒருவரிடம் வத்தலக்குண்டு பக்கம் என்பாள். இன்னொருவரிடம் திண்டுக்கல் பக்கம் என்பாள். ஒரு கிழவியிடம், "மலைதான் ஆத்தா. கொஞ்சம் கீழ," என்றாள். ஒரு முறை பூம்பாறையில் டீக்கடையில் வைத்து, "நேத்து வேற ஊரு சொன்னியே?" என்று நான் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அளவுகளில் பிழை கண்டால் சொல்ல வேண்டும் என்பது என் பயிற்சி. கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் பெஞ்சுக்கு அடியில் என் தொடையை நறுக்கென்று கிள்ளினாள். மூன்று நாள் நீலமாக இருந்தது. "அண்ணே, டீய ஆத்தும்போது எந்தக் கை மேல போகும்? கண்ண மூடிட்டு சொல்லுங்க," என்று அவரைத் திருப்பிவிட்டாள். அவர் கண்ணை மூடி இரண்டு கைகளையும் காற்றில் ஆட்டிப் பார்க்க, கடையே சிரித்தது.

இன்னொன்றும் நினைவிருக்கிறது. தாண்டிக்குடி வேலைக்குப் போய்வரும்போது பெரும்பாறையைத் தாண்டுகிற அந்தக் கொஞ்ச தூரம் மட்டும் அவள் எதுவும் கேட்கமாட்டாள். துப்பட்டாவை மூக்குவரை இழுத்துவிட்டுத் தூங்குவாள். முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். களைப்பாக இருக்கும் நாட்களில் டீ என்பதற்குப் பதில் தேத்தண்ணி என்று வாய் தவறிச் சொல்வாள். உடனே திருத்திக்கொள்வாள். நான் அதைக் கேலி செய்திருக்கிறேன்.

ஐப்பசி மழைக்குள் மேல்மலையில் பன்னிரண்டு கம்பங்களை நட்டு முடிக்க வேண்டியிருந்தது. தினமும் கொடைக்கானலிலிருந்து போய் வந்தால் பாதி நாள் ரோட்டிலேயே போய்விடும். அதனால் கொடைக்கானலில் நாங்கள் சேர்ந்து தங்கியிருந்த அறையைக் காலி செய்துவிட்டு, மன்னவனூர் போகும் வழியில் ஒரு ஊரில் அறை பிடித்தோம். ஊர் பெயர் வேண்டாம். தனி வாசல் உள்ள ஒற்றை அறை. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்கார அக்காவின் அடுப்படி. அக்காவுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். அவர் கணவர் கேரட்டும் பூண்டும் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய்வருபவர். பல நாள் வீட்டில் இருக்கமாட்டார். எங்களுக்கு அந்த அறையில் முக்கியமானது ஒன்றே. ஒழுங்காக வேலை செய்யும் பிளக் பாயிண்ட். கம்பங்களுக்கான பேட்டரிகளை இரவில் அங்கேதான் சார்ஜ் போடுவோம்.

முதல் நாளே அக்கா, "ரெண்டு பேரும் ஆதார் நகல் குடுத்துருங்க பாப்பா. வீட்டுல அவுக கேப்பாக," என்று சொல்லியிருந்தார்.

"நாளைக்குத் தர்றேன்க்கா," என்றாள் இவள். "அக்கா, சமைச்சு எறக்குனதும் மொத வாய் எதுல எடுத்துப் பாப்பீங்க? கரண்டியிலயா, கையிலயா?"

அக்கா அவளை வினோதமாகப் பார்த்தார். "மொத வாயா? எனக்கு எங்க மொத வாய். எல்லாரும் தின்னப்புறம் சட்டியில ஒட்டுனத சொரண்டித் திம்பேன்." சொல்லிவிட்டு வெட்கப்பட்டார். "அதுதேன் ருசி. இதையெல்லாம் போயி எங்கிட்ட யாருமே கேட்டதில்ல புள்ள."

மறுநாள் மாலை வேலை முடிந்து வந்து நாங்கள் கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது. "ஏ புள்ள, சட்டி ஆறிப் போகுது, வெரசா வா."

அது மண்சட்டி. அடியில் பூண்டுக் குழம்பு சுண்டிப் பிடித்திருக்கும். அதில் ஒரு கை சோற்றைப் போட்டுப் பிரட்டி, அக்காவும் அவளும் ஒரே சட்டியில் விரலால் சுரண்டித் தின்றார்கள். எனக்குக் கருகிய வாசனை பிடிக்காது. நான் தட்டில் சாப்பிட்டேன். எந்த வீட்டிலும் நிலைப்படி தாண்டாதவள் இங்கே அடுப்புக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கால் ஆடவில்லை. டேப் விரலில் இருந்தது, சத்தம் இல்லை.

"அக்கா, வீட்டுல யாரும் இல்லாதப்ப பாடுவீங்களா?"

"போடி."

"பாடுவீங்க. மொகத்துலயே தெரியுது."

"பாத்திரம் வெளக்கும்போது மட்டும். தண்ணிச் சத்தத்துல வெளிய கேக்காதுல்ல."

மூன்று வாரம் இப்படிப் போனது. அக்கா அவளுக்காகவே குழம்பை வேண்டுமென்றே அடிப்பிடிக்க விடுகிறார் என்று எனக்குச் சந்தேகம்கூட வந்தது. "நீயும் வந்து ஒரு வாய் தின்னு பாரு பாப்பா," என்று என்னையும் கூப்பிடுவார். கூப்பிடும்போதே அவருக்குத் தெரியும், நான் வரமாட்டேன் என்று. ஆதார் நகலை நடுநடுவே கேட்டார். "நாளைக்குக்கா," என்பாள் இவள். பின்னாலேயே ஒரு கேள்வி வரும்.

என் வேலைப் பட்டியலில் அது உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரருக்கு அடையாள நகல், இரண்டு பேர், நிலுவை. மூன்று வாரமாக ஒரு வரிக்குச் சரிக்குறி விழாமல் இருப்பது எனக்குப் பல்லில் நார் சிக்கியதுபோல. நகல்கள் என்னிடமே இருந்தன. அனுமதி வாங்கப் போகும் இடங்களில் காட்டுவதற்காக இருவருடையதையும் ஒரு கோப்பில் நான்தான் வைத்திருந்தேன். ஒரு நாள் காலை, அவள் பாயோடு சிமெண்ட் எடுக்கப் போயிருந்தபோது, கோப்பைத் திறந்து இரண்டு தாள்களை உருவினேன். அவளுடையதை அன்றுதான் படித்துப் பார்த்தேன். அப்பா பெயர். பெரும்பாறைக்குக் கீழே ஒரு காப்பித் தோட்டம். அந்தத் தோட்டத்தை ஒட்டி, இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களைக் குடியமர்த்திய ஒரு காலனி. அந்தத் தேத்தண்ணி எங்கிருந்து வந்தது என்று புரிந்துபோனதில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சிகூட ஏற்பட்டது. ஒரு வருடம் பக்கத்தில் படுத்துத் தூங்கியவளைப் பற்றி எனக்குத் தெரியாத எல்லாமும் நான்கு வரியில் இருந்தது.

அக்காவிடம் கொடுத்தேன். சரிக்குறி போட்டேன்.

அன்று மாலை அக்காவின் கணவர் சந்தையிலிருந்து வந்தார். அடுத்த நாள் விடிந்ததும் மறுபடி லாரியில் கிளம்பிப் போய்விட்டார். அவர் போன பிறகு, நான் வாசல் டிரம்மில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தபோது அக்கா வந்து பக்கத்தில் நின்றார்.

"பாப்பா, ரூமு வேணுமாம். எங்க அண்ணன் மகன் வர்றான்."

"எப்பக்கா வர்றாங்க? எங்களுக்கு இன்னும் ரெண்டு கம்பம்தான் பாக்கி. நாலு நாள்ல முடிஞ்சிரும்."

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ இருந்துக்க. நாலு நாள் என்ன, பத்து நாள் இரு. அந்தப் புள்ளைய மட்டும்..."

"ஏன்க்கா?"

"உனக்குத் தெரியாதா? தெரிஞ்சேதேன் கூட்டியாந்தியா?" குரல் எழும்பவில்லை. "அவுகளுக்கு அந்தப் பக்கமெல்லாம் அத்துபடி. தாளப் பாத்ததுமே இன்ன ஆளுகன்னு சொல்லிட்டாக. அடுப்படி வரைக்கும் விட்டியான்னு ராத்திரி பூராம் ஏச்சு. நான் என்ன பாப்பா செய்ய?"

எங்கள் அறையின் கதவு திறந்திருந்தது. அவள் உள்ளேதான் இருந்தாள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போனபோது பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆறு நிமிடத்தில் முடித்தாள்.

"நகல் நான்தான் குடுத்தேன்," என்றேன். "கேட்டுக்கிட்டே இருந்தாங்க. லிஸ்ட்ல இருந்துச்சு."

"ம். லிஸ்ட்ல இருந்துச்சு," என்றாள். பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"நீ வர்றியா?"

ஒரு வருடத்தில் அவள் கேட்டவற்றில் வேடிக்கை இல்லாத கேள்வி அது ஒன்றுதான். எனக்கு எப்போதும் பதில் உடனே வரும்.

"பேட்டரி நாலும் சார்ஜ்ல இருக்கு," என்றேன். "ரெண்டு கம்பம் முடியாம..."

அவள் நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். தலையை ஆட்டினாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

அக்கா அடுப்படி வாசலில் நின்றிருந்தார். அவள் வழக்கம்போலவே, சிரித்த முகமாகக் கேட்டாள். "அக்கா, அந்தச் சட்டிய என்ன பண்ணுவீங்க?"

"எந்தச் சட்டி?"

"நம்ம ரெண்டு பேரும் தின்னோமே. பித்தளை, எவர்சில்வர்னா புளி போட்டு வெளக்கிரலாம். இது மண்சட்டி ஆச்சே. ஒடைச்சுருவீங்களா, வெச்சுக்குவீங்களா?"

அக்கா வாயைத் திறந்தார். முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அவள் ரொம்ப நேரம் காத்திருக்கவில்லை. "வெள்ளனே கெளம்புனாத்தேன் பஸ்ஸு. வர்றேன்க்கா," என்று இறங்கிப் போனாள். ரோட்டில் அவள் நடக்கும் வேகத்தைப் பார்த்தபடி நான் கையில் வாளியோடு நின்றிருந்தேன்.

பாயின் தங்கை வீடு கொடைக்கானலில் இருந்தது. அவள் அங்கே தங்கிக்கொண்டு தினமும் காலை பாயோடு ஜீப்பில் மேலே வந்தாள். பாய் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "அந்தப் புள்ளைக்கு அங்க என்னம்மா கொறச்சல், என் தங்கச்சி பிரியாணி போடுறா," என்று மட்டும் ஒரு முறை, நான் கேட்காமலே சொன்னார்.

நான் அந்த அறையில் இன்னும் மூன்று இரவுகள் இருந்தேன். பேட்டரிகளுக்காக. அதுதான் காரணம் என்று என்னிடமே ஒவ்வொரு இரவும் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்கும்போது சொல்லிக்கொண்டேன். நாலு பேட்டரியையும் பாயின் தங்கை வீட்டுப் பிளக்கிலும் மாட்டியிருக்கலாம் என்று எனக்கு முதல் இரவே தெரிந்திருந்தது. அக்கா இரண்டு வேளையும் எனக்குச் சோறு போட்டார். குழம்பு அலுமினியப் பாத்திரத்தில் வந்தது. அடிப்பிடித்த வாசனை இல்லை. எனக்குப் பிடித்த மாதிரியே இருந்தது. சாப்பிட்டேன். பாத்திரம் விளக்கும் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே பாட்டு ஏதும் கேட்கிறதா என்று சுவரில் காது வைத்துக் கேட்டேன்.

மூன்றாம் நாள் காலை, வீட்டுக்குப் பின்னால் பூண்டுத்தாள் கொட்டும் வேலியோரம் அந்தச் சட்டியைப் பார்த்தேன். கவிழ்த்து வைத்திருந்தது. உடைக்கவில்லை. மேலே ஒரு சாக்கு போட்டிருந்தது. மழையில் நனையாமல் இருக்கவா, யாரும் பார்க்காமல் இருக்கவா என்று தெரியவில்லை. அவளிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவள் கேட்டால் சொல்லலாம் என்றிருந்தேன்.

அந்த நாட்களில் அவள் என்னிடம் கேட்டவை எல்லாமும் நினைவிருக்கின்றன. பத்தாம் நம்பர் ஸ்பானர் எங்கே. மழைமானி மட்டமாக இருக்கிறதா. சிக்னல் எத்தனை கோடு. குழிக்கு எத்தனை சட்டி ஜல்லி. இவை எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டாள். ஸ்பானர் கொடுத்தால் வாங்கிக்கொண்டாள். என்னோடு சண்டை போடவில்லை. நான் கொண்டுபோன பிஸ்கட்டை எடுத்துச் சாப்பிட்டாள். ஆனால் குழி தோண்ட வந்த ஆட்களிடம், தண்ணீர் கொண்டுவந்த பெண்ணிடம், வழியில் கேரட் கழுவிக்கொண்டிருந்தவர்களிடம் எல்லாம் அவளுடைய கேள்விகள் பழையபடி ஓடிக்கொண்டே இருந்தன. நான் மட்டும் அந்த வரிசையில் இல்லை. அவர்கள் பதில் சொல்லும்போது என் பதிலை நான் மனதுக்குள் தயார் செய்வேன். என் முறை வரும் என்று காத்திருப்பேன். அவள் என்னைத் தாண்டி அடுத்த ஆளிடம் போய்விடுவாள்.

நான்காம் நாள் பன்னிரண்டாவது கம்பமும் முடிந்தது. மழைமானிக்குள் ஒரு லிட்டர் தண்ணீரை மெல்ல ஊற்றி, உள்ளே இருக்கும் சின்ன வாளி சரியான எண்ணிக்கையில் கவிழ்கிறதா என்று இருவரும் குனிந்து பார்த்தோம். சரியாக இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன், அவள் போட்டாள். பேட்டரிப் பெட்டிகளையும் என் பையையும் அறையிலிருந்து எடுத்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, மூவரும் கீழே இறங்கினோம். அடுத்த வாரம் அவள் வேறு மாவட்டத்துக்குப் போகிறாள் என்று பாய் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. தானே கேட்டு வாங்கிக்கொண்டாளாம்.

அவள் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் பின்னால். மழை பிடித்துவிட்டது. டேப்பின் சத்தம் மழையையும் மீறிக் கேட்டது.

"பாய், கனவுல ஓடுறப்ப செருப்பு போட்டுக்கிட்டு ஓடுவீங்களா, வெறுங்காலாவா?"

"கனவுலயும் நான் வண்டிதாம்மா ஓட்டுறேன். எவனாச்சும் குறுக்க வந்து நிப்பான், பிரேக் புடிக்காது."

அவள் சிரித்தாள். பாயும் சிரித்தார். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

"எனக்குக் கனவுல ஓடவே வராது," என்றேன். மழைச் சத்தத்துக்காக நான் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. "ஓடணும்னு தெரியும். எல்லாரும் ஓடுவாங்க. நான் மட்டும் நின்ன எடத்துலயே நிப்பேன்."

பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அவள் கழுத்தைத் திருப்பி, முழுதாக என்னைப் பார்த்துக் கேட்டுக்கொண்டாள்.

"அப்படிங்களா," என்றாள்.

பிறகு முன்னால் திரும்பி, பாயிடம் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.